இறைத்த கிணறு ஊறுமா? வறட்சியில் குடியிருப்பின் போரையும் கிணற்றையும் காப்பாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

“இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? நீங்க எதுக்கு சார் மோட்டார் ரூமைப் பூட்டி வெக்கிறீங்க?”

2019 மார்ச்சில், சென்னை ஆதம்பாக்கத்தில் எங்கள் அப்பார்ட்மென்ட் கூட்டத்தில் மூன்றாவது மாடி மாமா என்னைக் கேட்டது இது. நான் அப்போது செயலாளர். சட்டென்று பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது: பழமொழி பொய்யில்லை. ஆனால் அது ஏற்றமும், மாடு பூட்டி இறைக்கும் கவலையும் ஓடிய காலத்தில் பிறந்தது. மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். நின்ற நேரத்தில் கிணறு ஊறும். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் ஒன்றரை ஹெச்பி சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. மாடு எடுத்துக்கொண்ட அந்த ஓய்வை இப்போது நாம்தான் கொடுக்க வேண்டும்.

இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவது எல்லாம் அதைச் சுற்றித்தான்: ஒரு நாளைக்கு எவ்வளவு ஊறுகிறது என்று அளந்து, அதற்குள் குடும்பம் நடத்துவது. எங்களுடையது 24 வீடுகள், ஏறத்தாழ 80 பேர், ஒரு பழைய தரைக்கிணறு, ஒரு ஆறரை இஞ்சு போர் (ஆழ்துளைக் கிணறு), ஒரு சம்ப் (தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி). உங்கள் எண்ணிக்கை வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

எப்போது ஆரம்பிப்பது

பொங்கல் முடிந்த வாரம். கத்திரி வெயிலில் அல்ல.

சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஜனவரியில் கிணற்றில் இருப்பதுதான் அடுத்த ஐப்பசி வரைக்குமான இருப்பு. நடுவில் ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை கொஞ்சம் கை கொடுக்கும், அதை நம்பிப் பட்ஜெட் போட முடியாது. 2018 வடகிழக்குப் பருவமழை நகரத்துக்கு வழக்கத்தில் பாதிகூடத் தரவில்லை. அது டிசம்பரிலேயே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனாலும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் ஜூனில் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் வந்த பிறகுதான் பல குடியிருப்புகளில் முதல் அவசரக் கூட்டமே நடந்தது. நாங்கள் மார்ச்சில் கூட்டம் போட்டோம், அதுவே இரண்டு மாதம் தாமதம். நல்லவேளையாக, பொழுதுபோகாமல் நான் ஜனவரியில் அளக்க ஆரம்பித்திருந்தேன்.

முதலில் காலடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

சென்னையில் பக்கத்துப் பேட்டையின் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். நிலத்தடியில் மூன்று வேறு ஊர்கள் இருக்கின்றன.

கடலோரம், அதாவது சாந்தோம், பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மணல். மழை பெய்தால் உடனே உள்ளே போகும், ஆழம் குறைந்த உறை கிணற்றிலேயே நல்ல தண்ணீர் கிடைக்கும். ஆனால் அந்த நல்ல தண்ணீர், கீழே இருக்கும் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் உப்பின் எல்லை 40 அடி வரை மேலே ஏறும் என்பது நிலத்தடி நீர் படிப்பவர்களின் பழைய கணக்கு. அங்கே ஆழப் போர் போடுவது உப்பைக் கூப்பிட்டு உட்கார வைப்பதுதான்.

அண்ணா நகர், கொளத்தூர் பக்கம் பல இடங்களில் மேலே களிமண். மழைநீர் மேலேயே நின்றுவிடும். களியைத் துளைத்துக் கீழே இருக்கும் மணலுக்குத் தண்ணீரைக் கொண்டு சேர்க்காவிட்டால் சேகரிப்புத் தொட்டி வெறும் கொசுத் தொட்டி.

எங்கள் ஆதம்பாக்கம், பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் பாறை. சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் புதைக்கப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பக்கத்துப் பாறையில் செய்தது, அதனால்தான் பாறைக்கே அவர் பெயர் வந்தது. கௌரவமெல்லாம் சரி, அந்தப் பாறைக்குள் தண்ணீர் கிடையாது. மேலே சிதைந்த பகுதியிலும் பாறையின் விரிசல்களிலும் மட்டும்தான் தண்ணீர். விரிசல் மாட்டினால் யோகம், மாட்டாவிட்டால் புழுதி.

உங்கள் இடத்தில் என்ன என்று தெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். போர் போட்டபோது என்ன மண் வந்தது என்று கட்டடத்தின் முதல் வாட்ச்மேனுக்கும் தெருமுனை பிளம்பருக்கும் தெரியும். கேட்டு எழுதி வையுங்கள்.

மட்டத்தை அளக்கும் ஒயர்

இதற்குச் செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தரைக்கிணற்றுக்கு முடிச்சுப் போட்ட கயிறும் அதன் நுனியில் ஒரு கல்லும் போதும். தண்ணீரைத் தொட்டால் ‘டொப்’ என்று கேட்கும். போருக்கு அது உதவாது. இரட்டை இழை ஒயர் 200 அடி வாங்கி, ஒரு நுனியில் இரண்டு செம்புக் கம்பியையும் அரை இஞ்சு வெளியே விட்டு, ஒன்றை ஒன்று தொடாமல் டேப் சுற்றினோம். கனத்துக்கு ஒரு போல்ட். மறு நுனியில், எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சாதாரண மல்டிமீட்டர். செம்பு தண்ணீரைத் தொட்டதும் முள் துள்ளும். ஒயரில் ஐந்து அடிக்கு ஒரு சிவப்பு நூல், 50 அடிக்கு ஒரு மஞ்சள் நூல். எப்போதும் போரின் வாயில் நிற்கும் கேசிங் பைப்பின் விளிம்பிலிருந்தே அளவு.

ஒரு எச்சரிக்கை. மோட்டாரின் டெலிவரி பைப்பிலும் கேபிளிலும் ஒயர் சிக்கிக்கொள்ளும். எங்களுக்கு இரண்டாம் வாரமே சிக்கியது. இழுத்ததில் ஒயர் அறுந்து போல்ட் உள்ளே போய்விட்டது. அடுத்த முறை பழுதுக்கு மோட்டாரை மேலே எடுத்தபோது, அதோடு சேர்த்து முக்கால் இஞ்சு பிவிசி பைப் ஒன்றையும் இறக்கிவிட்டோம். அதற்குள் ஒயரை விட்டால் சிக்கலே இல்லை. உங்கள் மோட்டார் எப்போது மேலே வந்தாலும் இந்த பைப்பை மறக்காதீர்கள்.

அளக்கும் நேரம் விடியற்காலை, முதல் மோட்டார் போடும் முன். ஓய்வில் ஊறிய பிறகு நிற்கும் மட்டம் அது. வாரம் ஒரு நாள் மோட்டார் நிறுத்தியவுடன் ஒரு முறை. இரண்டையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டால் குட் மார்னிங் பூக்களுக்குள் புதைந்துவிடும்.

இன்னொரு கணக்கு. ஆறரை இஞ்சு போரில் ஒரு அடி உயரத் தண்ணீர் என்பது வெறும் ஆறரை லிட்டர். 100 அடிக்குத் தண்ணீர் நின்றாலும் 650 லிட்டர்தான். எங்கள் ஐந்தடி விட்டக் கிணற்றில் ஒரே ஒரு அடித் தண்ணீர் 556 லிட்டர். “நம்ம போர்ல 120 அடிக்குத் தண்ணி நிக்குது” என்று யாராவது பெருமைப்பட்டால், மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்குகூட அதில் நிரம்பாது என்று சொல்லுங்கள். போர் என்பது பானை இல்லை, ஒரு உறிஞ்சுகுழல். சுற்றியுள்ள பாறை என்ன வேகத்தில் கொடுக்கிறதோ அதுதான் உங்கள் தண்ணீர்.

சம்பை அளவுபாத்திரமாக்குங்கள்

எங்கள் சம்ப் உள்ளளவு 10 அடிக்கு 8 அடி, ஆழம் 6 அடி. அதில் ஒரு இஞ்சு ஏறினால் ஏறக்குறைய 189 லிட்டர், முழுக்க நிரம்பினால் 13,600. ஒரு மூங்கில் கழியில் இஞ்சுக் கோடு போட்டு மேன்ஹோல் பக்கத்தில் சாத்தி வைத்தோம். உங்கள் சம்புக்கு: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி, 2.36-ஆல் பெருக்கினால் ஒரு இஞ்சுக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும்.

இப்போது சோதனை. காலையில் மட்டத்தை அளந்துவிட்டு மோட்டாரைப் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கழியைச் சம்பில் விட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் சம்பிலிருந்து மேலே ஏற்றக் கூடாது. ஜனவரியில் எங்களுக்கு முதல் 40 நிமிடத்தில் 7 இஞ்சு ஏறியது. அடுத்த 20 நிமிடத்தில் ஒன்றே கால் இஞ்சுதான். பைப் இருமத் தொடங்கியது. “காத்து புடிக்குது சார், நிறுத்திடுங்க” என்றார் பிளம்பர்.

நிறுத்தியதும் ஒயரை இறக்கினோம். மட்டம் 163 அடியில் இருந்தது, மோட்டார் தொங்கும் இடம் 165. அரை மணியில் 120-க்கு ஏறியது. ஒரு மணியில் 90. இரண்டு மணி நேரத்தில் 55. அதற்குப் பிறகு ஆமை வேகம், மறுநாள் காலையில் 38.

இந்த எண்களைப் பாருங்கள். முதல் அரை மணியில் 43 அடி ஊறியது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ராத்திரி முழுக்கச் சேர்ந்தது 17 அடிதான். ஆக, ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் ஓட்டுவதும் வீண், பன்னிரண்டு மணி நேரம் சும்மா விடுவதும் வீண். 40 நிமிடம் ஓட்டம், இரண்டு மணி இருபது நிமிடம் ஓய்வு. ஒரு நாளைக்கு எட்டுச் சுற்று. ஒரு சுற்றுக்கு 7 இஞ்சு, அதாவது 1,323 லிட்டர். மொத்தம் பத்தாயிரத்து ஐந்நூறு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். முன்பு காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை காற்று வாங்கும்வரை ஓட்டிய நாட்களில் இதில் பாதிகூடக் கிடைத்ததில்லை. போர் அதேதான், மோட்டாரும் அதேதான்.

ராத்திரிச் சுற்றுகளுக்கு வாட்ச்மேனை எழுப்பாதீர்கள். பேனலில் ஒரு டைமர் போடுங்கள். அதோடு டிரை ரன் பாதுகாப்பு ரிலே கட்டாயம், தண்ணீர் இல்லாமல் ஓடினால் கரண்ட் இழுப்பு குறைவதைக் கண்டு அது மோட்டாரை நிறுத்திவிடும். வறட்சியில் மோட்டார் புகைந்து, அதை மேலே எடுக்க ஆள் கிடைக்காமல் நான்கு நாள் தவித்த குடியிருப்பு எங்கள் தெருவிலேயே உண்டு.

சோதனையை மாதம் ஒரு முறை மறுபடி செய்யுங்கள். எங்களுக்கு ஏப்ரலில் காலை மட்டம் 90 அடிக்கு இறங்கியது. ஓட்டத்தை 25 நிமிடமாக்கினோம், ஒரு சுற்றுக்கு 4 இஞ்சு. ஜூனில் 125 அடி, 15 நிமிட ஓட்டம், 2 இஞ்சு. தரைக்கிணறு ஏப்ரல் நடுவிலேயே காய்ந்து, அடியில் ஒரு பிளாஸ்டிக் குடமும் யாரோ தொலைத்த கிரிக்கெட் பந்து மூன்றும் தெரிந்தன.

பக்கத்துக் கட்டடம்

ஏப்ரலில் ஒரு ஞாயிறு. எங்கள் மோட்டார் ஓய்வில் இருந்தது. ஒயரை உள்ளே விட்டபடி நின்றிருந்தேன், மட்டம் ஏற வேண்டிய நேரம். இருபது நிமிடத்தில் நான்கு அடி இறங்கியது. குழம்பிப்போய் நிமிர்ந்தால் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் இரைச்சல்.

அந்தக் கட்டடத்துச் செயலாளரை அழைத்து வந்து ஒயரைக் கையில் கொடுத்தேன். “நீங்க போய் உங்க மோட்டாரை நிறுத்திட்டு வாங்க சார், பார்க்கலாம்” என்றேன். நிறுத்திவிட்டு வந்தார். பத்து நிமிடத்தில் மட்டம் நின்றது, பிறகு ஏறத் தொடங்கியது. அவர் ரொம்ப நேரம் மல்டிமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப எங்க தண்ணியைத்தான் நீங்க எடுக்கறீங்களா?” “நீங்களும் எங்களதைத்தான் எடுக்கறீங்க.”

அன்று சாயங்காலமே மூன்று கட்டடங்கள் சேர்ந்து நேரம் பிரித்துக்கொண்டோம். ஒருவர் ஓட்டும்போது மற்ற இருவர் ஓட்டுவதில்லை. எழுத்தில் எதுவும் இல்லை, மூன்று பேனலிலும் டைமர் மட்டும். வாயால் ஆயிரம் சொல்லியிருந்தாலும் இது நடந்திருக்காது, கண்ணால் பார்த்ததால் நடந்தது. உங்கள் அக்கம்பக்கத்தையும் முதலில் ஒயர் பக்கம் கூட்டி வாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

வரவு தெரிந்தது, இனி செலவு

நகரங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவுகோல். வறட்சியில் புழக்கத்துக்கு 75 லிட்டரில் சமாளிக்கலாம், சமாளித்தோம். 80 பேருக்கு 6,000 லிட்டர். ஏப்ரல் வரவு 6,048, மயிரிழையில் சரிக்கட்டியது. ஜூன் வரவு 3,024. பற்றாக்குறை ஏறக்குறைய 3,000. ஆகவே 12,000 லிட்டர் லாரி நான்கு நாளைக்கு ஒன்று. இந்தக் கணக்கு கையில் இருந்ததால் மே மாதமே லாரிக்குச் சொல்லி வைக்க முடிந்தது.

செலவைக் குறைக்க அறிவுரை நோட்டீஸ் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. லிஃப்டில் ஒட்டிய நோட்டீஸை லிஃப்ட்கூடப் படிப்பதில்லை. ஒழுகலைப் பிடியுங்கள், அதுதான் சண்டை இல்லாத சேமிப்பு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மாடி டேங்கின் மட்டத்தைக் குறித்துவிட்டு நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஊர் தூங்கும் நேரத்தில் இறங்கிய தண்ணீர் பெரும்பாலும் ஒழுகல்தான். எங்களுக்கு ஒரு ராத்திரியில் 400 லிட்டர் போய்க்கொண்டிருந்தது. குற்றவாளி பெரும்பாலும் கழிவறை ஃபிளஷ் டேங்க்தான். அதில் நாலு துளி சொட்டு நீலம் விட்டு, கால் மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் இருந்தால், ஒழுகும் டேங்க் பீங்கானை நீலமாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். 24 வீட்டில் 9 வீடு நீலம். என் வீடும் அதில் ஒன்று என்பதை மாமா இன்றுவரை மறக்கவில்லை.

அடுத்தது ஆர்ஓ, அதாவது குடிநீர் சுத்திகரிக்கும் மெஷின். ஒரு லிட்டர் குடிநீருக்கு மூன்று லிட்டர் வரை கழிவாக விடும் மெஷின்கள் உண்டு. வீட்டுக்குப் பத்து லிட்டர் குடிநீர் என்றாலே 24 வீட்டுக்கு 720 லிட்டர் சாக்கடையில். எங்கள் ஏப்ரல் கணக்கில் அது கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று. குழாயை வாளிக்குத் திருப்பினால் தரை துடைக்க, பாத்ரூம் கழுவ ஆகும். செடிக்கு வேண்டாம், உப்பு அதிகம்.

நேரம் வைத்துத் தண்ணீர் விடுவதைக் கடைசி ஆயுதமாக வையுங்கள். காலை இரண்டு மணி நேரம், மாலை ஒன்றரை மணி நேரம் என்று நாங்கள் மே மாதம் ஆரம்பித்தோம். முதல் வாரம் செலவு குறைவதற்குப் பதில் கூடியது! வீட்டுக்கு வீடு டிரம் வாங்கி நிரப்பினார்கள், மறுநாள் காலை “பழைய தண்ணி” என்று கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்தார்கள். பழியோ, பாத்திரம் துலக்க வரும் அக்காக்கள் தலையில் விழுந்தது. தினமும் சம்ப் இஞ்சுக் கணக்கைக் கேட் பக்கத்துக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்த பிறகுதான் அடங்கியது: நேற்று வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, லாரி என்றைக்கு. வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் பழைய கட்டடங்களில் ஒரே வீட்டுக்குச் சமையலறைக்கு ஒரு பைப், பாத்ரூமுக்கு ஒரு பைப் என்று மூன்று நான்கு வழியில் தண்ணீர் இறங்கும், எல்லாவற்றுக்கும் மீட்டர் வேண்டும். வறட்சி நடுவில் தொடங்கும் வேலை இல்லை அது.

லாரித் தண்ணீர் வந்தால்

லாரி வாசலில் வந்து நிற்கும்போது சம்பில் இடம் இருக்க வேண்டும். எங்கள் சம்ப் 13,600, லாரி 12,000. எட்டு இஞ்சுக்கு மேல் பழைய தண்ணீர் இருந்தால் மிச்சம் லாரியோடே திரும்பிப் போகும், காசு மட்டும் நமக்குத் திரும்பி வராது. 2019 கோடையில் ஒருமுறை ராத்திரி ஒன்றரை மணிக்கு லாரி வந்து, சம்பைக் காலி செய்யாமல் தூங்கியிருந்ததால் 3,000 லிட்டரைக் கைவிட்டோம்.

இறக்கும் முன்னும் பின்னும் கழியை விட்டு அளந்து, டிரைவர் முன்னாலேயே நோட்டில் எழுதுங்கள். 12,000 என்றால் எங்கள் சம்பில் 63 இஞ்சு ஏற வேண்டும். முதல் தடவை 52 ஏறியது. “வழில குலுங்கிச் சிந்தியிருக்கும் சார்” என்றார் அந்தத் தம்பி. 2,000 லிட்டர் சிந்தியிருந்தால் தெருவே நனைந்திருக்கும். கழியைப் பார்த்த பிறகு அடுத்தடுத்த லாரிகள் சிந்தவில்லை.

தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள், இறக்கும் முன் ஒரு டம்ளர் பிடித்துப் பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்கிறது. புழக்கத் தண்ணீருக்கும் 2,000 தாண்டினால் திருப்பி அனுப்புவது மேல். டிடிஎஸ் உப்பை மட்டும்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர், சந்தேகமான தண்ணீர் என்றால் ஐந்து. 12,000 லிட்டருக்கு முப்பதிலிருந்து அறுபது கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேல் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்தே மேலே ஏற்றுங்கள்.

உங்கள் சொந்தத் தண்ணீரையும் மாதம் ஒருமுறை மீட்டரில் பாருங்கள். கடலோரத்தில் எண் மாதாமாதம் ஏறினால் இறைப்பைக் குறைக்கச் சொல்லும் மணி அது, அதற்குமேல் இழுக்கக் கூடாது. ஏறிய உப்பு இறங்க மழை வேண்டும், சில நேரம் பல மழைக்காலம் வேண்டும். தண்ணீரில் நாற்றமோ நுரையோ வந்தால் பக்கத்தில் சாக்கடைக் குழாய் உடைந்திருக்கலாம், ஆய்வகத்தில் கிருமிப் பரிசோதனை செய்யும்வரை அந்தக் கிணற்றை நிறுத்துங்கள்.

புதுப் போர் என்னும் ஆசை

மே மாதக் கூட்டத்தில் எப்படியும் ஒருவர் எழுந்து “400 அடி போட்டா கடல் மாதிரி வரும்” என்பார். எங்கள் கூட்டத்திலும் எழுந்தார். கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பவர் ஒருவரும் வந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடம் சரியாகக் கார் பார்க்கிங்கில், லாரி நுழைய வசதியான மூலை. மூன்று மணி நேரம் துளைத்தார்கள். நூறு அடிக்குக் கீழே கருநீலப் புழுதியைத் தவிர எதுவும் வரவில்லை. கார்களின் மேல் படிந்த அந்தப் புழுதியைக் கழுவத் தண்ணீர் இல்லை என்பதுதான் அன்றைய வேடிக்கை. நான் செயலாளராக இருந்தும் தடுக்கவில்லை, கையெழுத்தும் என்னுடையதுதான்.

சென்னைப் பெருநகர்ப் பகுதியில் புதிதாகக் கிணறோ போரோ தோண்ட 1987-ஆம் ஆண்டு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும், போர் லாரிக்காரர் “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்று சொன்னாலும். போட்டே ஆக வேண்டும் என்றால் தேங்காய்க்குப் பதில், நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அதன் தடையை அளந்து பார்க்கும் நிலவியலாளரைக் கூப்பிடுங்கள். அதிலும் உத்தரவாதம் இல்லை, குருட்டாம்போக்கு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதற்கு முன் இருக்கும் போரின் மட்டமும் ஊறும் வேகமும் நோட்டில் மூன்று மாதத்துக்காவது இருக்கட்டும்.

ஆடிக்குள் முடிக்க வேண்டிய வேலை

தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் குழிகள் இன்றும் இருக்கின்றன, பெரும்பாலும் காகிதத்தில். எங்கள் குழியின் மூடியை ஜூலையில் திறந்தபோது மேலே கூழாங்கல், அதன் கீழே ஒரு சாண் சேறு, அதன் கீழே காலி சிமென்ட் பைகள். மொட்டை மாடிப் பைப் குழிக்கு வரவே இல்லை, நேராகத் தெருச் சாக்கடையில் இறங்கியது.

கணக்கைப் பாருங்கள். எங்கள் மொட்டை மாடி 5,000 சதுர அடி, சுமார் 465 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். ஆவியாவதும் சிந்துவதும் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் ஆண்டுக்கு 5 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். 43 லாரி! ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 18,600 லிட்டர்.

நாங்கள் செய்த வரிசை இது. மாடித் தண்ணீர் முதலில் ஒரு வடிகட்டித் தொட்டி வழியாகச் சம்புக்கு. முதல் பத்து நிமிட மழை மாடித் தூசியைக் கழுவி வரும், அதை வெளியே விட ஒரு வால்வு. சம்ப் நிரம்பியதும் வழிவது தரைக்கிணற்றுக்கு. கிணறும் நிரம்பினால் வழிய ஒரு பைப், கிணற்றுப் பக்கத்து மண் சரியாமலிருக்க. வாசல் பக்கத் தரைத் தண்ணீருக்குத் தனியாக மூன்றடி விட்டத்தில் பதினைந்து அடி ஆழ உறை கிணறு இரண்டு. உள்ளே கல்லோ மணலோ நிரப்பவில்லை. வெறுமனே விட்டால் வருடம் ஒருமுறை சேற்றை வாரலாம். கார் கழுவிய எண்ணெய்த் தண்ணீர் அதற்குள் போகாமல் ஒரு சின்ன வண்டல் தொட்டி முன்னால்.

இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். தரைத் தண்ணீரை ஓடும் போருக்குள் நேரடியாக விடாதீர்கள், வண்டல் போய் விரிசலை அடைத்தால் போர் போச்சு. அடுத்தது, கிணற்றைத் தூர் வாரவோ சம்பைக் கழுவவோ யாரையும் தனியாக இறக்காதீர்கள். மோட்டார் மெயினை நிறுத்தி ஃபியூஸைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், மூடியை முன்கூட்டியே நெடுநேரம் திறந்து காற்றோட்டம் விடுங்கள், இடுப்பில் கயிறு கட்டி மேலே இரண்டு பேர் நில்லுங்கள். உள்ளே ஒருவர் மயங்கினால் இன்னொருவர் குதிக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மழை வந்த பிறகு

முதல் மழையில் மோட்டார் ரூம் பூட்டைத் திறந்துவிடச் சொல்லி மாமா வந்தார். திறக்கவில்லை. மேல் மண் குடித்து முடித்துத்தான் பாறைக்கு விடும். நல்ல மழை பெய்த பிறகும் எங்கள் போர் மட்டம் அசையவே பதினைந்து நாள் ஆனது. தரைக்கிணறு மட்டும் இரண்டே நாளில் ஆறடி காட்டியது. அந்த ஆறடியில் கை வைக்கவில்லை, அது கீழே போரை நோக்கி நடந்துகொண்டிருக்கும் தண்ணீர். காலை மட்டம் மூன்று வாரம் தொடர்ந்து ஏறிய பிறகு ஓட்டத்தை 15-லிருந்து 25 நிமிடமாக்கினோம். ஜனவரி மட்டம் திரும்பியபோதுதான் 40.

2020 பொங்கல் முடிந்து பொறுப்பை அடுத்தவரிடம் கொடுத்தேன். மாமாதான். வங்கிப் பாஸ்புக், ரசீதுக் கட்டு, மோட்டார் ரூம் சாவி, கோடு போட்ட நோட்டு, சிவப்பும் மஞ்சளும் நூல் கட்டிய ஒயர். ஒயரை வாங்கிக்கொண்டு நேராகப் போர் பக்கம் போனார். “மணி எட்டாயிடுச்சு மாமா, காலையில அஞ்சு மணிக்குத்தான் அளக்கணும்” என்றேன். மறுநாள் ஐந்துக்கு என் காலிங் பெல் அடித்தது.

“36 அடி. நோட்டுல நீ எழுதறியா, நான் எழுதட்டுமா?”